பேஸ் கிட்டார்: பெண்கள் பாடற்குழுவின் நான்காம் குரல்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

இசைக்கு மயங்காத உள்ளம் இல்லை என்பர். ஆனால் ஒரு பாடலைக் கேட்கும்போது நாம் உண்மையில் எதைக் கேட்கிறோம்? பாடுபவரின் குரலைக் கேட்கிறோம். வயலினையும் புல்லாங்குழலையும் கேட்கிறோம். தபலாவின் தாளத்துக்குக் காலைத் தட்டுகிறோம். இவை எல்லாவற்றுக்கும் அடியில், ஆழ்ந்த குரலில், மற்றொரு கருவி ஓயாமல் பாடிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்திய பின்புதான் அது இருந்ததே நமக்குத் தெரியும். வீட்டில் குடியிருப்பவர் அஸ்திவாரத்தைப் பார்ப்பதில்லை அல்லவா?

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவின்போது ஒலிபெருக்கிப் பாட்டைச் சற்றுத் தொலைவில் நின்று கேட்டவர்களுக்கு ஓர் அனுபவம் இருக்கும். பாட்டின் சொற்கள் காற்றில் கரைந்துவிடும். ‘தும், தும்’ என்ற தாழ்ந்த ஒலி மட்டும் நெஞ்சில் வந்து தட்டும். பெரும்பாலான மெல்லிசைப் பாடல்களில் அந்த ஒலியைத் தரும் கருவிகளுள் முதன்மையானது பேஸ் கிட்டார். இந்த ஆண்டு நம் பள்ளிப் பாடற்குழுவுக்கு அக்கருவி ஒன்றை வாங்கினோம். அது எதற்காக, அதை எப்படித் தேர்ந்தெடுத்தோம், அதற்காக நாங்கள் படித்தவை யாவை என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பாடற்குழுவில் இல்லாத குரல்

மேலைநாட்டுத் தேவாலய இசையில் பாடற்குழுவின் குரல்களை நான்காகப் பிரிப்பார்கள். பெண்களின் உச்சக் குரல் சொப்ரானோ. பெண்களின் தாழ்ந்த குரல் ஆல்டோ. ஆண்களின் உயர்ந்த குரல் டெனர். ஆண்களின் தாழ்ந்த குரல் பேஸ். நான்கும் சேர்ந்தால்தான் பாடல் நிறைவாக ஒலிக்கும். நம்முடையதோ பெண்கள் பள்ளி. நாம் எத்தனை பேர் சேர்ந்து பாடினாலும் மேலே உள்ள இரண்டு குரல்களே கிடைக்கும். கூரை இருக்கிறது, சுவர் இருக்கிறது, தரை இல்லை.

இதை எண்களால் விளக்கலாம். ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதே ஒலியின் அதிர்வெண்; அதன் அலகு ஹெர்ட்ஸ். நம் ஆல்டோ மாணவியர் தொடக்கூடிய தாழ்ந்த சுரம் ஏறத்தாழ 175 ஹெர்ட்ஸ். நன்கு பயின்ற ஆண் பேஸ் குரல் ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியோ 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. ஆண் குரலுக்கும் ஒரு ஸ்தாயி கீழே.

பெரிய பேராலயங்களில் உள்ள குழல் ஆர்கனில் இந்தக் கீழ்ச் சுரங்களைக் கால்களால் மிதித்து வாசிப்பார்கள். நம் ஊர்ப் பக்கத்து ஆலயங்களில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் ஆர்மோனியத்தில் அத்தகைய கால்மிதி வரிசை இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டு, குழல் ஆர்கனைப் போற்றியதோடு, வழிபாட்டுக்குப் பொருத்தமான பிற கருவிகளையும் ஏற்கலாம் என்றது. அதன் பிறகே தாய்மொழிப் பாடல்களுடன் கிட்டாரும் நாட்டுப்புறக் கருவிகளும் பல ஆலயங்களுக்குள் வந்தன.

நம் மரபிலும் கீழே நின்று தாங்கும் ஒலி புதிதன்று. கர்நாடகக் கச்சேரியில் தம்புரா உண்டு. நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து உண்டு. ஒத்து ஊதுபவரை யாரும் கவனிப்பதில்லை. ‘அவனுக்கு இவன் ஒத்து ஊதுகிறான்’ என்று ஏளனமாகவும் சொல்கிறோம். ஆனால் ஒத்து நின்றுவிட்டால் நாதஸ்வரம் தனித்துத் தவிப்பது கேட்பவர்க்குத் தெரியும். ஒத்துக்கும் பேஸ் கிட்டாருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஒத்து ஒரே சுரத்தில் நிற்கும். பேஸ் கிட்டாரோ பாட்டோடு சேர்ந்து நடக்கும்; தாளத்துக்கும் இராகத்துக்கும் நடுவில் பாலமாக இருக்கும்.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஆர்மோனியத்தில் ச, க, ப ஆகிய மூன்று சுரங்களை (சங்கராபரணத்தில் வருபவை) ஒருசேரப் பிடித்துக்கொள்ளுங்கள். தோழி ஒருத்தி தாழ்ந்த ஸ்தாயியில் ‘ச’ கட்டையை அழுத்தட்டும். தெளிந்த மகிழ்ச்சி பிறக்கும். இப்போது மேலே உள்ள மூன்றையும் மாற்றாமல், கீழே மட்டும் ‘ச’ வை விட்டு அதற்குக் கீழுள்ள ‘த’ வை அழுத்தட்டும். அதே மூன்று சுரங்கள் சற்றே ஏக்கத்துடன் ஒலிக்கும். மேலே ஒன்றும் மாறவில்லை. கீழே மாறியதால் எல்லாம் மாறிவிட்டது. இதுவே பேஸ் வாசிப்பவரின் ஆற்றல்.

கருவி பிறந்த கதை

பேஸ் கிட்டார் வருமுன் இந்த வேலையைச் செய்தது டபுள் பேஸ் என்னும் மாபெரும் வயலின். அது ஓர் ஆள் உயரம் இருக்கும். பெரும்பாலும் நின்றுகொண்டே வாசிப்பார்கள். வண்டியில் ஏற்றுவது பெரும்பாடு. முரசும் ஊதுகருவிகளும் முழங்கும் மேடையில் அதன் ஒலி அமுங்கிப் போகும். மேலும் வயலினைப் போலவே அதற்கும் மெட்டுகள் இல்லை. விரல் சற்றுத் தவறினாலும் சுருதி விலகும்.

1930-களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர் மெட்டுகள் வைத்த மின்சார பேஸ் ஒன்றைச் செய்தார். அது பரவவில்லை. 1951-இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரைச் சேர்ந்த லியோ ஃபெண்டர் தம் ‘பிரிசிஷன் பேஸ்’ கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பிரிசிஷன் என்றால் துல்லியம். மெட்டுகள் இருப்பதால் சுருதி துல்லியமாக விழும் என்பதே பெயரின் பொருள். இதில் வியப்பு என்னவென்றால், ஃபெண்டர் கிட்டார் வாசிக்கத் தெரியாதவர்! வானொலிப் பெட்டி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். வாசிப்பவர்கள் தம்மிடம் சொன்ன குறைகளைக் கேட்டுக் கேட்டே அவர் கருவிகளைத் திருத்தினார்.

உறுப்புகளும் இயங்கும் முறையும்

வீணை பயிலும் மாணவியருக்கு இக்கருவி அந்நியமாகத் தோன்றாது. வீணையின் தண்டி போன்ற நீண்ட கழுத்து, அதில் மெட்டுகள், தந்திகளைத் தாங்கும் குதிரை, சுருதி கூட்ட முறுக்காணிகள். குடத்துக்குப் பதிலாகத் தட்டையான கனத்த மரப்பலகை. வழக்கமாக நான்கு தந்திகள். தடித்ததிலிருந்து மெல்லியது வரை அவற்றின் சுரங்கள் ஈ, ஏ, டி, ஜி. அதிர்வெண்கள் முறையே 41.2, 55, 73.4, 98 ஹெர்ட்ஸ். சாதாரண கிட்டாரின் தடித்த நான்கு தந்திகளும் இதே சுரங்கள்தாம். ஆனால் ஒரு ஸ்தாயி மேலே.

தந்தியின் நீளம் பாதியானால் அதிர்வெண் இரு மடங்காகும். இது பத்தாம் வகுப்பு மாணவியருக்குப் பழகிய செய்தியே. வழக்கமான பேஸில் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம். ஆகவே பன்னிரண்டாம் மெட்டு 17 அங்குலத்தில் வரும். அங்கே அழுத்தினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் கேட்கும். 30 அங்குல நீளமுள்ள சிறிய வகையும் உண்டு. அதில் மெட்டுகள் நெருங்கி இருப்பதால் சிறிய கைகளுக்கு எளிது.

பலகை கனமானதாயிற்றே, ஒலி எப்படி வருகிறது? தந்திகளுக்கு அடியில் ‘பிக்கப்’ எனும் உறுப்பு உள்ளது. காந்தத்தைச் சுற்றி முடியிழை போன்ற செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் மாறுகிறது. செப்புச் சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. நைலான் தந்தியைப் போட்டால் இந்தப் பிக்கப்பில் ஒலி பிறக்காது என்பதற்கும் இதுவே காரணம்.

பிறந்த மின்னோட்டம் மிகச் சிறியது. அதைப் பெருக்க ஆம்ப்ளிஃபையர் வேண்டும். ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். அதை 41.2-ஆல் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும்: 8 மீட்டருக்கும் மேல்! ஒரு வகுப்பறையின் நீளம் அளவுக்கு ஒரே அலை. இதை எழுப்ப நிறையக் காற்றை அசைக்க வேண்டும். சிறிய ஒலிபெருக்கியால் இயலாது. சாதாரண கிட்டாருக்கான சிறு பெட்டியில் பேஸை இணைத்து உரக்க வாசித்தால் ஒலிபெருக்கியின் தாள்கூம்பு கிழியவும் கூடும். எனவே பேஸுக்கென்றே செய்த பெட்டியை வாங்குவதே சிக்கனம்.

நம் மண்ணும் கிட்டாரும்

கிட்டார் நமக்குத் தொலைதூரத்துப் பொருள் என்று எண்ண வேண்டாம். நம் தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் 1943-இல் பிறந்தவர் இளையராஜா. தம் அண்ணன் பாவலர் வரதராசனின் இசைக்குழுவில் ஊர் ஊராகச் சென்று ஆர்மோனியம் வாசித்தவர், 1968-இல் சென்னைக்குச் சென்றார். அங்கே தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசையைப் பயின்றார். இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தேர்வில் கிட்டாருக்காகத் தேறினார். மற்ற இசையமைப்பாளர்களின் குழுவில் கிட்டார் வாசித்தார். 1976-இல் ‘அன்னக்கிளி’ படத்துக்கு இசையமைத்தார்.

அவருடைய பாடல்களில் பேஸ் கிட்டார் வெறுமனே தாளத்துக்குத் துணை போவதில்லை. பாடகர் ஒரு மெட்டைப் பாடும்போது கீழே அது வேறொரு மெட்டைப் பாடிக்கொண்டு வரும். இரண்டும் தனித்தனியே அழகு, சேர்ந்தால் பேரழகு. அவர் எழுதித் தந்த அந்தக் கீழ்மெட்டுகளைப் பல ஆண்டுகள் வாசித்த கலைஞர் சசிதரன். பாடலைப் பாடியவர் பெயர் நம்மில் எல்லாருக்கும் தெரியும். சசிதரன் பெயரை எத்தனை பேர் அறிவோம்? அவ்வாறே ஏ.ஆர். ரஹ்மானின் பாடல்கள் பலவற்றில் பேஸ் வாசித்தவர் கீத் பீட்டர்ஸ். வீட்டில் 1980-களின் பாடல் ஒன்று ஒலிக்கும்போது, பாடகரை விட்டுவிட்டுக் கீழ்ச் சுரத்தை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். நூறு முறை கேட்ட பாட்டும் புதிதாக இருக்கும்.

அந்நாட்களில் நம் நாட்டில் நல்ல கருவி கிடைப்பதே அரிதாக இருந்தது. 1991-க்கு முன் வெளிநாட்டுப் பொருள்களின் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடும் உயர்ந்த வரியும் இருந்தன. சென்னை அண்ணா சாலையில் 1842 முதல் நடந்து வரும் மியூசி மியூசிக்கல் போன்ற கடைகள் பெருநகரங்களில் இருந்தன. சிற்றூர்க் கலைஞர்களோ உள்நாட்டுக் கருவிகளையும் பிறர் வாசித்துக் கைமாறிய கருவிகளையும் கொண்டே மேடை ஏறினார்கள்.

கலைஞர் நால்வர்

ஜேம்ஸ் ஜேமர்சன் (1936–1983): அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் நிறுவனத்தின் புகழ்பெற்ற பாடல்கள் பலவற்றில் பேஸ் வாசித்தவர். வலக்கையின் ஆட்காட்டி விரல் ஒன்றினாலேயே மீட்டுவார். அந்த இசைத்தட்டுகளின் உறையில் நெடுங்காலம் வாத்தியக் கலைஞர்களின் பெயரே இராது. 1971-இல் வந்த ஒரு தொகுப்பில்தான் அவர் பெயர் அச்சேறியது. அவர் மறைந்து 17 ஆண்டுகளுக்குப் பின், 2000-இல், ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது.

பால் மெக்கார்ட்னி: பீட்டில்ஸ் குழுவினர். 1961-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் தமக்கு ஒரு பேஸ் தேடினார். ஃபெண்டர் கருவியின் விலை அவர் கைக்கு எட்டவில்லை. ஏறத்தாழ 30 பவுன் விலையில் வயலின் வடிவிலான ‘ஹொஃப்னர்’ கருவியை வாங்கினார். அவர் இடக்கைக்காரர், இருபுறமும் ஒத்த வடிவமாக இருந்ததால் திருப்பிப் பிடித்தாலும் பொருத்தமாக இருந்தது. அந்த மலிவான கருவி உலகப் புகழ் பெற்றது. 1972-இல் இலண்டனில் அது களவு போயிற்று. அரை நூற்றாண்டு கழித்துக் கிடைத்தது. அச்செய்தி 2024-இல் வெளியாயிற்று. அதன் தந்தி நீளம் 30 அங்குலமே என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

கேரல் கேய்: 1935-இல் பிறந்த அமெரிக்கப் பெண்மணி. முதலில் கிட்டார் கலைஞர். 1963-இல் ஹாலிவுட் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் பேஸ் கலைஞர் வராமற் போகவே, அந்தக் கருவியை இவரிடம் கொடுத்தார்கள். அன்று தொடங்கியவர், ஆயிரக்கணக்கான ஒலிப்பதிவுகளில் வாசித்தார். கூடத்தில் பெரும்பாலும் அவர் ஒருவரே பெண்; அவர் குடும்பத்தைக் காத்தது அந்தக் கருவியே. பிறருக்குக் கற்பிக்கப் பாடநூல்களும் எழுதினார்.

மோகினி டே: 1996-இல் மும்பையில் பிறந்தவர். தந்தையும் பேஸ் கலைஞர். சிறு குழந்தையாக இருந்தபோதே மகளுக்குக் கற்பித்தார். இளம் வயதிலேயே ஜாகிர் உசேன், ஏ.ஆர். ரஹ்மான் போன்றோருடன் மேடையேறினார். ‘இது ஆண்களின் கருவி’ என்று சொல்வோருக்கு இவ்விரு பெண்மணிகளின் விரல்களே விடை.

கடை வீதியில் கற்றவை

இனி நாங்கள் கருவி வாங்கிய செய்திக்கு வருவோம். பள்ளி விழாவில் நாங்கள் வைத்த முறுக்கு, திராட்சைச் சாறுக் கடைகளாலும் பெற்றோரின் நன்கொடையாலும் சேர்ந்த தொகை 20,000 ரூபாய். பெற்றோர் கூட்டத்தில் இரண்டு கேள்விகள் எழுந்தன. ‘பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு ஆண்டில் இது தேவையா?’ என்பது ஒன்று. ‘இதே பணத்துக்குப் புதிய கீபோர்டு வாங்கினால் எல்லா ஒலியும் வருமே?’ என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கேள்விகளே. முதலாவதற்கு, பயிற்சி சனிக்கிழமை ஒரு மணி நேரம் மட்டுமே என்றும், வாசிக்கப் போகிறவர்கள் ஏழாம், எட்டாம் வகுப்புத் தங்கைகள் என்றும் சொன்னோம். இரண்டாவதற்கு, நம்மிடம் கீபோர்டு ஏற்கெனவே இருக்கிறது, அதை வாசிப்பவளுக்கு இரண்டு கைகளும் மேல் சுரங்களுக்கே போதவில்லை என்பதை ஒரு பாடலை வாசித்தே காட்டினோம். கூட்டம் இசைவு தந்தது.

சிஸ்டருடன் நாங்கள் ஐந்து பேர் புறப்பட்டோம். எங்கள் வகுப்புத் தோழியின் தாய்மாமா மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிப்பவர். அவரும் துணைக்கு வந்தார். தேனியில் ஒரு கடை, மதுரையில் இரண்டு கடைகள் பார்த்தோம்.

முதற்கடையில் கடைக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். “என்ன பாப்பா, பேஸா? பொம்பளப் பிள்ளைகளுக்கு அது எதுக்கு? கனம் தாங்காது. கீபோர்டு எடுத்துட்டுப் போங்க” என்றார். சிஸ்டர் அமைதியாக, “அவங்க தோளுக்குத்தான் வாங்குறோம் சார். அவங்களே தூக்கிப் பார்த்துச் சொல்லட்டும்” என்றார். தூக்கிப் பார்த்தோம். ஏறத்தாழ 4 கிலோ இருக்கும். அன்றாடம் நாங்கள் சுமக்கும் புத்தகப் பையை விட அதிகம் இல்லை! வாரை அகலமானதாகப் போட்டால் தோள் வலிக்காது என்று மாமா சொன்னார்.

இரண்டாம் கடையில் செந்நிறத்தில் பளபளக்கும் ஐந்து தந்திக் கருவி ஒன்று எல்லார் கண்ணையும் பறித்தது. மாமா அதைப் புகழவும் இல்லை, பழிக்கவும் இல்லை. “கண்ணால வாங்காதீங்கம்மா. கையால வாங்குங்க, அப்புறம் காதால வாங்குங்க” என்றார். பிறகு ஒவ்வொன்றாகச் சோதிக்கச் சொல்லிக் கொடுத்தார். அந்தச் சோதனைகளைத் தங்கைகளின் நன்மைக்காக வரிசையாகத் தருகிறோம்.

1. கழுத்து: கருவியைத் துப்பாக்கி பிடிப்பது போல் கண்ணுக்கு நேரே வைத்துக் கழுத்தின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். மிகச் சிறிய வளைவு இருக்கலாம்; வில் போல் வளைந்திருந்தாலும் முறுக்கிக்கொண்டிருந்தாலும் வேண்டாம்.

2. மெட்டுகள்: ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு மெட்டையும் அழுத்தி மீட்ட வேண்டும். ‘கிர்ர்’ என்று இரைச்சல் வரும் இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். கழுத்தின் ஓரத்தில் கையை ஓட்டினால் மெட்டின் முனை கீறக்கூடாது.

3. பன்னிரண்டாம் மெட்டு: அங்கே தந்தியை மெல்லத் தொட்டு மீட்டினால் ஒரு சுரம் வரும், அழுத்தி மீட்டினாலும் அதே சுரம் வர வேண்டும். சிறு வேறுபாட்டைக் குதிரையிலுள்ள திருகால் சரி செய்யலாம். திருகி முடிந்தும் சேராவிட்டால் விட்டுவிடலாம்.

4. முறுக்காணிகள்: சுருதி கூட்டிப் பத்து நிமிடம் வாசித்த பின் மீண்டும் பார்க்க வேண்டும். இறங்கியிருந்தால் காரணம் கேட்க வேண்டும்.

5. மின் இணைப்பு: குமிழ்களைத் திருப்பும்போது கரகரப்பு வருகிறதா, கம்பியை அசைத்தால் ஒலி அறுபடுகிறதா என்று கவனிக்க வேண்டும்.

6. எடைச் சமநிலை: வாரை மாட்டிக் கையை எடுத்தால் தலைப்பகுதி கீழே சாயக்கூடாது. சாய்ந்தால் இடக்கை சுரம் பிடிக்காமல் சுமை தூக்கிக்கொண்டிருக்கும்.

செந்நிறக் கருவி முதற்சோதனையிலேயே நின்றுவிட்டது, கழுத்து வளைந்திருந்தது. மேலும், புதிதாகப் பயில்வோருக்கு நான்கு தந்தியே போதும் என்பதும் விளங்கிற்று.

மூன்றாம் கடையில் இரண்டு கருவிகள் ஆறு சோதனைகளையும் தாண்டின. ஒன்று 34 அங்குலம்; மற்றது 30 அங்குலம், அழகில்லாத பழுப்பு நிறம். எதை எடுப்பது? சிஸ்டர் ஒரு வழி சொன்னார். நாங்கள் நால்வர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றோம். மாமா ஒரே பாடலை இரண்டிலும் வாசித்தார். எது எதென்று அறியாமல் மதிப்பெண் எழுதினோம். 34 அங்குலக் கருவியின் தடித்த தந்தி இன்னும் தெளிவாக ஒலித்தது உண்மை. மூவர் அதற்கே எழுதினார்கள். ஆனால் எங்களுடன் வந்திருந்த ஏழாம் வகுப்புத் தங்கைக்கு அதன் முதல் மெட்டையும் நான்காம் மெட்டையும் ஒருசேர எட்டிப் பிடிக்க முடியவில்லை. 30 அங்குலக் கருவியில் முடிந்தது. அடுத்த ஆண்டு நாங்கள் இப்பள்ளியில் இருப்போமோ என்னவோ, அவள் இருப்பாள். ஆகவே அவள் கைக்கு எட்டியதையே எடுத்தோம்.

கருவி 11,500 ரூபாய். பிறர் பயன்படுத்திய 60 வாட் பேஸ் ஆம்ப்ளிஃபையர், அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்த பின், 7,000 ரூபாய். இணைப்புக் கம்பி, அகலமான வார், சுருதி காட்டும் சிறு மின்கருவி ஆகியவை 1,500 ரூபாய். தொகை சரியாக முடிந்தது. புதுத் தந்திகளுக்குப் பணம் மிஞ்சவில்லையே என்று கவலைப்பட்டோம். கடைக்காரர் ஒரு தொகுதித் தந்தியைத் தாமே எடுத்துப் பையில் வைத்து, “உங்க மாதிரி சோதிச்சு வாங்குறவங்க கொஞ்சப் பேர்தாம்மா” என்றார்.

பேணும் முறை

வாசித்து முடித்ததும் தந்திகளை உலர்ந்த பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். வியர்வை எஃகைத் துருப்பிடிக்கச் செய்யும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழோ மூடிய வண்டியிலோ கருவியை விட்டால் கழுத்து வளையும். ஆம்ப்ளிஃபையரைத் தரையிணைப்பு உள்ள மூன்று முனைச் செருகியில் மட்டுமே இணைக்க வேண்டும். தந்திகள் உலோகமாதலால் மின்கசிவு இருந்தால் வாசிப்பவர் கையில் அதிர்ச்சி பாயும். ஈரக் கையோடு தொடவே கூடாது. ஒலியைக் குறைத்து வைத்த பின்னரே கம்பியைச் செருகவும் எடுக்கவும் வேண்டும்.

பயிற்சியும் எளிதில் தொடங்கலாம். முதல் மாதம் ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு சுரம். ஆதார சுரம் மட்டும். பிறகு அதனுடன் பஞ்சமம். அதன் பின் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு நடந்து செல்லும் வழி. நிறைய வாசிப்பதை விட நேரத்துக்கு வாசிப்பதே முக்கியம். எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிவதும் அந்த வாசிப்பில் ஒரு பாதி என்பார் மாமா.

முடிவுரை

தூய செசிலியா திருநாளாகிய நவம்பர் 22 அன்று நம் சிற்றாலயத்தில் இக்கருவி முதன்முறை ஒலித்தது. அந்த ஏழாம் வகுப்புத் தங்கை நான்கே சுரங்களை மட்டும் வாசித்தாள். அவள் பின் வரிசையில் நின்றதால் பலர் அவளைப் பார்க்கவும் இல்லை. ஆனால் பூசை முடிந்து வெளியே வந்த பெற்றோர் பலர், ‘இன்று பாட்டு ஏனோ நிறைவாக இருந்தது’ என்றார்கள். ‘ஏனோ’ என்ற அந்தச் சொல்லே பேஸ் வாசிப்பவருக்குக் கிடைக்கும் பாராட்டு.

முன்வரிசையில் நின்று பாட விரும்புவோர் எந்த வகுப்பிலும் உண்டு. கீழே நின்று தாங்க முன்வருவோர்தாம் குறைவு. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை உள்ள தங்கைகளே, கருவி இசையறை அலமாரியில் இருக்கிறது. சாவி சிஸ்டரிடம் உள்ளது. சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பயிற்சி. முதலில் விரல் நுனி காய்ந்து வலிக்கும். மூன்று வாரத்தில் பழகிவிடும். நாங்கள் பள்ளியை விட்டுச் சென்ற பின்னும் நம் பாடற்குழுவின் நான்காம் குரல் நிற்காமல் ஒலிக்கட்டும்.